கூட்டம் இல்லாத திருவையாறு

திருவையாறு என்றதும் எல்லோருக்கும் ஜனவரியில் நடக்கும் தியாகராஜர் ஆராதனைதான் நினைவுக்கு வரும். பந்தல், தொலைக்காட்சிக் கேமராக்கள், பட்டுப்புடவைகள், அவர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமியன்று காலையில் வித்வான்கள் எதிரெதிர் வரிசையாக உட்கார்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களிலும் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் எனக்குப் பழக்கமான திருவையாறு வேறு. பந்தல் பிரித்து, மூங்கில்களை லாரியில் ஏற்றி அனுப்பிய பிறகு, அடுத்த தை வரை அங்கே இருக்கிற ஊர்.

அந்த ஊரில் ஒரு வங்கிக் கிளையில் நகைக்கடன் பிரிவில் வேலை பார்த்தேன். வீடு தஞ்சாவூரில். இடையில் 13 கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளை டவுன் பஸ் தாண்டிவிடும். டெல்டாவில் நகைக்கடன் பிரிவுக்கு ஓய்வு கிடையாது. நடவுக்கு முன் கழுத்தில் கிடப்பது வங்கிக்கு வரும். அறுவடை முடிந்தால் வீட்டுக்குத் திரும்பும், சில வருடங்களில் திரும்பாது. காலை பத்து மணியிலிருந்து நோட்டு எண்ணும் இயந்திரத்தின் படபடப்பு, டோக்கன் மணி, மதிப்பீட்டாளர் உரைகல்லில் நகையைத் தேய்க்கும் கரகரப்பு, "வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துக்கொள்ளலாமா அம்மா?" என்று தணிந்த குரலில் வரும் கேள்வி. வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் தலைக்குள் கிராம் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். டாக்டர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "நல்ல பாட்டாகக் கேளுங்கள், மனசு லேசாகும்" என்று சொல்லி அனுப்பினார்.

பாட்டுக்கு எனக்குப் பஞ்சமே இல்லை. காலையில் சமையலறையில் வானொலி, பஸ்ஸில் காதில் இயர்போன், இரவு தூங்கும் வரை கைப்பேசியில் ஏதாவது ஒன்று. ஒரு பாட்டு பாதியில் இருக்கும்போதே அடுத்ததற்கு விரல் போகும். பஸ் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போவேன். (பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். டவுன் பஸ்ஸில் தினமும் இயர்போன் போடுகிறவர்கள் இதை ஒருமுறை யோசித்துக்கொள்வது நல்லது.) இசை கேட்டால் அமைதி கிடைக்கும் என்று சொல்பவர்கள் எந்த இசை, எவ்வளவு, கேட்டு முடித்த பிறகு என்ன செய்வது என்று சொல்வதில்லை. அந்த மூன்று கேள்விகளுக்கும் எனக்குக் கிடைத்த பதில்கள்தான் இந்தக் கட்டுரை. நான் பாடகி இல்லை. சரளி வரிசைகூட முறையாகக் கற்றவள் இல்லை.

ஒரு மாலை தஞ்சாவூர் போகும் பஸ் வெகு நேரம் வரவில்லை. காவிரிக் கரையோரமாக நடந்து தியாகராஜர் சமாதிக்குப் போனேன். வேலைக்கு வந்து பல மாதங்கள் ஆகியும் அதுவரை உள்ளே போனதில்லை. கையெட்டும் தூரத்தில் இருப்பதைப் பார்க்காமலே இருந்துவிடுவது நம் எல்லோருக்கும் வழக்கம்தானே. உள்ளே ஒரு பெரியவர் தூணில் சாய்ந்து கண் மூடியிருந்தார். ஒரு பெண், தன் பிள்ளையின் வீட்டுப்பாட நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. பாட்டும் இல்லை.

சமாதிக்கு எதிரே பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளின் நினைவிடம். 1847இல் தியாகராஜர் மறைந்தார். பிற்காலத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த அவர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் இந்த அம்மாள். தன் நகைகளை விற்று அந்தச் செலவைச் செய்தார். ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்று சொன்ன காலத்தில் பெண்களைத் திரட்டிப் பாட வைத்தவரும் அவரே. 1952இல் இறந்தார்; தியாகராஜரை எந்நேரமும் பார்த்தபடி எதிரிலேயே சிலையாக இருக்கிறார். நாள் முழுக்க நகையை எடைபோட்டு, கல் போக நிகர எடை எழுதி, பையில் முத்திரை வைக்கிறவளுக்கு, அந்தச் சிலையின் முன்னால் உட்கார்ந்தபோது வேறு ஒரு கணக்கு ஓடியது. இந்த அம்மாள் என் கவுண்ட்டருக்கு வந்திருந்தால் எத்தனை சவரன் தேறியிருக்கும்? அவர் அதை மீட்கும் எண்ணத்தோடு கொடுத்திருக்கவே மாட்டார். சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து, யார் சொல்லியும் இல்லாமல் சிரித்தது வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான்.

அதன் பிறகு வேலை முடிந்ததும் முடிந்த நாட்களில் அங்கே போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பஸ் ஏறுவது பழக்கமானது. காதில் எதையும் மாட்டாமல் போனேன். ஆற்றில் எப்போதும் தண்ணீர் இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும்; நடுவில் உள்ள கோடை மாதங்களில் காவிரி வெறும் மணல். தண்ணீர் ஓடும் மாதங்களில் படித்துறையில் உட்கார்ந்தால் ஒரே சீரான இரைச்சல் மற்ற சத்தங்களை மூடிவிடும். மணல் மாதங்களில் தூரத்துச் சத்தம் எல்லாம் துல்லியமாகக் கேட்கும்: எதிர்க்கரையில் யாரோ சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டுவது, கோயில் மணி, மைனாக்களின் சண்டை. எனக்கு மணல் மாதங்களே பிடித்தன. காதுக்கு வேலை இருந்தது.

ஐயாறப்பர் கோயிலுக்கு மாலை நேரத்தில் போகத் தொடங்கியது அதற்கப்புறம். தெற்கு வாசல் பக்கம் ஆட்கொண்டார் சன்னிதி. முன்னால் உள்ள குண்டத்தில் குங்கிலியம் புகைந்துகொண்டே இருக்கும். அந்த வாசனையைத் தாண்டித்தான் உள்ளே நுழைவேன். மூன்றாம் பிராகாரத்தில் ஓரிடத்தில் நின்று "ஐயாறா" என்று உரக்க அழைத்தால் ஏழு முறை எதிரொலிக்கும் என்று ஊரில் சொல்வார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் மாறி மாறிக் கத்தித் தீர்த்துவிடுவார்கள். நான் கத்தியதில்லை; அவர்கள் கத்துவதைக் கேட்க நிற்பேன். முதல் இரண்டு எதிரொலி யார் காதிலும் விழும். மூன்றாவதற்கு மூச்சை அடக்க வேண்டும். நான்காவது, கேட்டதா கேட்டதாக நினைத்துக்கொண்டோமா என்று சந்தேகம் வரும் இடம். ஏழு வரை எனக்கு எட்டியதே இல்லை. ஆனால் அந்தச் சந்தேகம் வரும் நொடியில் தலைக்குள் வேறு எந்த நினைப்பும் இருக்காது. கிராம் கணக்கு அங்கே நிற்கும் என்பதை முதலில் கவனித்தது அந்தப் பிராகாரத்தில்தான். இதற்குக் கோயில் தேவை என்பதில்லை. வீட்டில் ஒரு வெண்கல மணியையோ பித்தளைச் சொம்பையோ தட்டி, ஓசை தேய்ந்து மறையும் வரை தொடர்ந்து போய்ப் பாருங்கள். எங்கே மறைந்தது என்று சுட்டிக்காட்ட முடியாது.

மாலைப் பூஜையில் ஓதுவார் தேவாரம் பாடுவார். நான் போன நாட்களில் பெரும்பாலும் கேட்க ஆள் இருக்காது. தீபாராதனைக்கு மணி அடித்தால் கூட்டம் வரும், விபூதி வாங்கியதும் கலைந்துவிடும். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் (தேவாரப் பதிகம்) பாட 48 பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டு மத்தளத்துக்கு ஒருவரையும் அமர்த்தி, கல்வெட்டிலும் பொறித்து வைத்தான். இன்று பல கோயில்களில் ஒரே ஓதுவார்தான் பாடுகிறார். சில கோயில்களில் அவரும் இல்லை. அன்று நான் கேட்டவர் கையில் தாளம் வைத்திருந்தும் பெரும்பாலும் அதைத் தட்டாமலே பாடினார். ஒரு நாள் துணிந்து கேட்டேன்: "ஐயா, தாளம் போடாமல் பாடுகிறீர்களே?"

"இது சுத்தாங்கம் அம்மா. தாளத்தோடு பாடினால் பண்ணாங்கம். தாளம் சேர்ந்தால் கேட்கிறவர் தொடை தட்ட ஆரம்பித்துவிடுவார். இப்படிப் பாடினால் சொல்லோடு கூடவே வருவார்."

அவர் அன்று பாடியது அப்பர் திருவையாற்றில் பாடிய பதிகம், காந்தாரப் பண். (பண் என்பது ராகத்துக்குத் தேவார மரபில் உள்ள பெயர்.) இப்போது நவரோஸ் ராகத்தில் பாடுவது வழக்கம். அதன் கதை பலருக்கும் தெரியும். கயிலையைப் பார்த்தே தீர்வதென்று புறப்பட்ட அப்பர், கால் தேய்ந்து, கை தேய்ந்து, உருண்டு, இனி நகர முடியாமல் கிடந்தபோது, அங்கே ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்லி வாக்கு வந்தது. மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். அங்கேயே கயிலைக் காட்சி கிடைத்தது. பதிகத்தில் அவர் எதைக் கண்டதாகச் சொல்கிறார் என்று கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும். களிறும் பிடியும் வருகின்றன. அடுத்த பாட்டில் கோழியும் பெடையும். பிறகு குயில், மயில், அன்றில், நாரை, கிளி, ஒரு பாட்டில் காட்டுப்பன்றி. எல்லாம் இணை இணையாக, தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் "கண்டறியாதன கண்டேன்" என்கிறார். கோழியை இதற்கு முன் காணாதவரா அவர்? பக்தி இலக்கியம் படித்தவர்கள் இதற்கு ஆழமான விளக்கம் தருவார்கள். என் அறிவுக்கு எட்டியது, அந்தப் பதிகம் கேட்ட மறுநாள் காலை பஸ்ஸில் வெண்ணாற்றுப் பாலத்தருகே வயலில் நின்ற இரண்டு நாரைகளை இறங்கும் வரை நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது. அந்தப் பஸ்ஸில் அதே வயலைத் தினமும் தாண்டிக்கொண்டிருந்தவள்தான் நான்.

அந்தப் பதிகத்தையே பிடித்துக்கொண்டேன். ஒரு மாதம் முழுக்க வேறு எதுவும் இல்லை. தருமபுரம் ப. சுவாமிநாதன் குரலில் தேவாரப் பதிவுகள் எளிதாகக் கிடைக்கின்றன. காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. முதல் வாரம் சலிப்பாகத்தான் இருந்தது. "ஏன் அதே பாட்டைப் போடுகிறாய்?" என்று வீட்டுக்காரர் இரண்டாம் நாளே கேட்டார். பத்துப் பன்னிரண்டு நாள் போன பிறகு பாட்டு மாறத் தொடங்கும். ஒரு சொல்லை அவர் எங்கே மூச்செடுத்துத் தொடங்குகிறார், எந்த இடத்தில் குரல் கீழே இறங்கித் தங்குகிறது, எந்த இடைவெளியில் ஒன்றுமே இல்லை என்பதெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். மூன்றாம் வாரம் அடுப்படியில் என் வாய் தானாக அதை முணுமுணுத்தது.

முணுமுணுப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நவரோஸ் ராகம் பாடத் தெரியாதவர்களுக்கென்றே அமைந்தது போல இருக்கும். கீழ்ப் பஞ்சமத்தில், அதாவது கீழ் 'ப'வில், தொடங்கி நடுப் பஞ்சமத்தோடு திரும்பிவிடும். மேல் சட்ஜத்தை, மேல் 'ஸ'வை, தொடவே வேண்டியதில்லை. குரலை உயர்த்தத் தேவை இல்லாததால் வெட்கப்படவும் தேவை இல்லை. வாயை மூடிக்கொண்டு ஒரு வரியை நீளமாக முனகினால் உள்ளே இழுத்த மூச்சைவிட வெளியே விடும் மூச்சு நீண்டுகொண்டே போகும். மூச்சை உள்ளே இழுக்கையில் இதயத் துடிப்பு சற்று விரையும், வெளியே விடுகையில் தணியும். இது உடம்பின் இயல்பான ஏற்பாடு. பிராணாயாமம் என்று உட்கார்ந்தால் எனக்கு ஐந்தாவது நிமிடம் கொட்டாவி வரும். முனகலில் அதே வேலை கணக்கில்லாமல் நடந்துவிடுகிறது. மாத்திரையை நிறுத்துங்கள் என்று சொல்ல நான் யார்? நானும் நிறுத்தவில்லை. படுத்ததும் வந்துகொண்டிருந்த கணக்குகள் மட்டும் தாமதமாக வரத் தொடங்கின. சில இரவுகளில் நான் தூங்கிய பிறகுதான் வந்திருக்கும்.

அடுத்ததாகச் சாமா ராகத்தை எடுத்துக்கொண்டேன். சாந்தம் இல்லையேல் சௌக்கியம் இல்லை என்று தொடங்கும் தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனை அந்த ராகத்தில்தான் இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அதே திருவையாற்றுத் தெருக்களில் உஞ்சவிருத்தி எடுத்து, அதாவது பாடியபடி வீடு வீடாக அரிசி வாங்கி, பிழைத்த மனிதர் பாடியது என்பதால் எனக்கு அதில் கூடுதல் ஒட்டுதல். சாமாவில் 'நி' என்னும் நிஷாதச் சுரமே கிடையாது. ஏறும்போது 'க' என்னும் காந்தாரச் சுரமும் இல்லை. படிகள் குறைவாக இருப்பதாலோ என்னவோ, அவசரப்படுத்திப் பாடினால் அந்த ராகம் கெட்டுவிடுகிறது. அந்தாளிக்குறிஞ்சிப் பண்ணைச் சாமாவில் பாடுவதுண்டு என்று ஓதுவார் பின்னொரு நாள் சொன்னார். சம்பந்தரின் கடைசிப் பதிகம், தம் திருமணத்தன்று நல்லூர்ப் பெருமணத்தில் சோதியில் கலக்கும் முன் பாடியது, அந்தப் பண்ணில் அமைந்தது. கோயிலில் ஒரு பெயரும் சமாதியில் ஒரு பெயருமாக ஒரே சாயல் நடமாடுவது தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை அலுவலகத்தில் யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. மதிப்பீட்டாளர் மட்டும், "தங்கத்துக்கு மாற்றுப் பார்ப்பது மாதிரிதானே மேடம், தேய்த்தால்தான் தெரியும்" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

ராகத்தின் பெயரையும் இலக்கணத்தையும் முதலில் தெரிந்துகொண்டு பிறகு கேட்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் சாமாவின் ஏறு வரிசை, இறங்கு வரிசையைத் தெரிந்துகொண்டது மாதக் கடைசியில். முதலில் தெரிந்திருந்தால் பரீட்சை எழுதுகிறவள் போலச் சுரத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். தெரியாமல் கேட்ட நாட்கள்தான் இனிமையானவை.

தம்புராவிடம் போனது தற்செயலாக. தஞ்சாவூரில் வீணை செய்யும் பட்டறை ஒன்றில் தெரிந்த பெண்ணின் வீணையை வாங்கிவர அவளோடு போயிருந்தேன். தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு இருப்பதும் பலா மரத்தில் செய்வதும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தம்புராவும் அதே மரத்தில்தான். பெரியவர் ஒருவர் பழைய தம்புரா ஒன்றை மடியில் சாய்த்து வைத்திருந்தார். நான்கு தந்திகள்: 'ப' ஒலிக்கும் பஞ்சமம், 'ஸ' ஒலிக்கும் இரண்டு சாரணி, கீழ் 'ஸ' ஒலிக்கும் மந்தரம். நடுவிரலால் பஞ்சமத்தையும் ஆள்காட்டி விரலால் மற்ற மூன்றையும் மீட்டினார். சுருதி சேர்ந்துதான் இருந்தது என்று எனக்கே தெரிந்தது. ஆனால் ஒலி தட்டையாக, சுவரில் மோதித் திரும்பியது.

"சேர்ந்துவிட்டதே ஐயா?" என்றேன்.

"சேர்ந்தால் போதாது அம்மா, இன்னும் வாயைத் திறக்கவில்லை" என்றவர், காதில் செருகியிருந்த வெள்ளைப் பருத்தி நூலை எடுத்தார். தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரைக்கும் நடுவில் அதை நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, மயிரிழை அளவு மேலே தள்ளினார். மீட்டினார். இல்லை. இன்னும் கொஞ்சம் கீழே இழுத்தார். சட்டென்று தந்தி ரீங்கரித்தது. அதே தந்தி, அதே விரல். ஓசை பெருகி, அதற்குள்ளிருந்து வேறு ஓசைகள் கிளம்பின. நான்கையும் அப்படி ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு மீட்டியபோது, யாரும் தொடாத ஒரு சுரம் மேலே மிதந்தது. "கேட்கிறதா? அது காந்தாரம். எந்தத் தந்தியிலும் நான் அதை வைக்கவில்லை. சுயம்பு" என்றார். அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர். விலைக்கு வாங்குகிற பொருள்கூட இல்லை, துண்டு நூல்.

நான் தம்புரா வாங்கவில்லை. எங்கள் வீட்டில் வைக்க இடமும் இல்லை, சுருதி சேர்க்கும் பொறுமையும் இல்லை. கைப்பேசியிலேயே தம்புரா ஒலி தரும் செயலிகள் உண்டு. மின் சுருதிப் பெட்டியும் கிடைக்கும். பெண்கள் சுருதியை ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் ஆண்கள் ஒரு கட்டையிலும் வைத்துப் பார்த்து, தொண்டைக்குச் சுகமான இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். உண்மையான தம்புராவின் வாசனை அதில் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் விளக்கை அணைத்துவிட்டு, மெல்லிய ஒலியில் அதை ஓடவிட்டு, அந்தக் காந்தாரத்தைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போதும். இயர்போன் வேண்டாம், அறையில் ஓடட்டும்.

இதிலெல்லாம் எனக்கு அதிகம் பலன் தந்தது பாட்டு முடிந்த பிறகான நேரம். ஓதுவார் பாடி முடித்ததும் நான் எழுந்திருப்பதில்லை. கூட்டம் விபூதிக்கு நகரும். நான் தூணடியில் இருப்பேன். கடைசி வரி உள்ளே இன்னும் கொஞ்ச தூரம் ஓடி நிற்கும். நின்ற இடத்தில் அன்றைய நாள் வந்து உட்காரும்: தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிறோடு போன பெண், கடைசி நேரத்தில் குரல் உயர்த்திய மேலாளர், மகன் தொலைபேசியில் பாதியில் நிறுத்திய ஒரு வாக்கியம். அவற்றுக்கு முடிவு கட்ட முயலமாட்டேன். வந்தவற்றைப் பார்த்துக்கொண்டு இருப்பேன், அவ்வளவுதான். ஆனால் மறுநாள் அந்தப் பெண் வந்தபோது, தவணையை எப்படிப் பிரித்துக் கட்டினால் சீக்கிரம் மீட்கலாம் என்று உட்கார வைத்துச் சொல்ல முடிந்தது. முந்தைய நாள் அதைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தும் தோன்றவில்லை. கைப்பேசியில் கேட்கும்போது இந்த இடம்தான் பறிபோகிறது: ஒன்று முடிந்த நொடியில் அடுத்தது தானாகத் தொடங்கிவிடுகிறது. அந்த வசதியை அணைத்து வையுங்கள். நான் சொல்லும் எல்லாவற்றிலும் செய்ய எளிதானது இதுதான், பலனும் இதில்தான் அதிகம்.

எப்போதும் இது பலிக்கும் என்று சொல்லமாட்டேன். அம்மா இறந்த பிறகு கொஞ்ச காலம் எந்தப் பாட்டையும் என்னால் கேட்க முடியவில்லை. தாலாட்டு ராகமான நீலாம்பரி என்றால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். துக்கத்துக்கு இசை மருந்து என்று எல்லோரும் அனுப்பிய பாட்டுகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இசை சில சமயம் புண்ணின் மேலேயே கை வைத்துவிடும். கோயிலுக்கும் போகவில்லை. பின்னர் வழியில் பார்த்த ஓதுவார், "பாட்டு வேண்டாம் என்றால் பாட்டு முடிந்த பிறகு வாருங்கள் அம்மா, சும்மா இருந்துவிட்டுப் போகலாம்" என்றார். அப்படியே செய்தேன். அவர் பாடி முடிக்கும் நேரம் பார்த்துப் போய் உட்கார்ந்தேன். வீட்டில் தம்புரா ஒலி மட்டும். அதில் சொல் இல்லை, ராகம் இல்லை, நினைவூட்ட எதுவும் இல்லை. மெல்ல மெல்ல ஒரு நாள் பாட்டு முடியும் முன்பே போய்விட்டேன். யாரையும், குறிப்பாகத் துக்கத்தில் இருப்பவரை, இசை கேட்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள் என்பது அன்றிலிருந்து என் கொள்கை. துக்கம் பல மாதங்களாகத் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கிறது என்றால் டாக்டரிடம்தான் போக வேண்டும்; தம்புரா அதற்கு மாற்று ஆகாது.

சாமி நம்பிக்கை இல்லாத தோழி ஒருத்தி, "எனக்கு எதற்குத் தேவாரம்?" என்று கேட்டாள். அவளுக்கு நாதஸ்வரத்தில் உயிர். ராஜரத்தினம் பிள்ளையின் பழைய தோடி ராகப் பதிவைப் போட்டு ஒரு மாதம் கேட்டாள். சொல்லே இல்லாத இசையில் திளைத்துவிட்டு, உங்களுடையதைவிட என் மாதம் மேல் என்று இன்னும் வாதாடுகிறாள். சினிமாப் பாட்டிலும் செய்யலாம், தவறில்லை. ஆனால் படத்தின் காட்சி கண்ணில் ஓடும் பாட்டாக இருந்தால் அடங்குவது கடினம். நேரம் இல்லை என்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: நான் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்த நேரத்தைத்தான் இதற்குக் கொடுத்தேன், புதிதாக எதையும் ஒதுக்கவில்லை.

இப்போது மாற்றலாகி வேறு ஊருக்கு வந்துவிட்டேன். ஆறும் இல்லை, பிராகாரமும் இல்லை. மாடிக்கு எதிரே கல்யாண மண்டபம் இருக்கிறது, முகூர்த்த நாட்களில் தம்புரா ஒலி எனக்கே கேட்காது. அந்த நாட்களில் ஒத்திப்போட்டு விடுவேன்.

திருவையாற்றுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு: கூட்டம் வேண்டுமென்றால் ஜனவரியில் போங்கள், அதுவும் ஒரு அனுபவம். அமைதி வேண்டுமென்றால் ஏதாவதொரு சாதாரண வார நாள். தஞ்சாவூரிலிருந்து டவுன் பஸ் நிறையவே உண்டு. மதியம் கோயில் நடை சாத்தியிருக்கும் என்பதால் மாலையில் போய், முதலில் சமாதி, பிறகு ஐயாறப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓதுவார் பாடுகையில் கைப்பேசியில் படம் பிடிக்காமல் கீழே உட்காருங்கள். முடிந்ததும் அவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். எந்தப் பண் என்று கேட்டால் மகிழ்ந்து சொல்வார். அசோகா அல்வாவைப் போகும்போதே வாங்கிவிடாதீர்கள், நெய் பையெல்லாம் ஒழுகும். திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம்.